குறட்டை கேட்கும் தூரம்

சங்குமுனையில் ஆண்கள் பொழுது சாய வள்ளம் ஏறிப்போய் விடியக் கருக்கலில் திரும்பி, மதியம்வரை மீன் ஏலமும் வலை வேலையுமாகக் கரையில் நிற்பார்கள், பெண்கள் விடிந்ததும் பாசி எடுக்கக் கடலில் இறங்கி உச்சிப்பொழுதுக்குக் கரையேறுவார்கள், ஆகவே அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே ஒன்றாகக் கிடைப்பது மதியச் சோற்றுக்கும் சாயங்காலக் காப்பிக்கும் நடுவே உள்ள கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அங்கே கல்யாணமே பண்ணிக்கொள்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு. பேசிவிட்டுப் போகட்டும். கதவைச் சாத்தி, பாயை விரித்து, பகலை இருட்டாக்கிக்கொண்டு ஊரே அயர்ந்து கிடக்கும் அந்த வேளையில், களஞ்சியத்தின் வீட்டில் மட்டும் அவன் பெண்டாட்டி நம்புவள்ளி குறட்டை விடுவாள்.

அது சாதாரணக் குறட்டை இல்லை. முதலில் வள்ளத்தை மணலில் இழுக்கிற மாதிரி கரகரவென்று ஆரம்பிக்கும், அப்புறம் ஏறும், ஏறி ஏறி இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் சட்டென்று நின்றுபோகும், மூச்சே இல்லாமல் ஒரு வெறுமை வரும், அந்த வெறுமையில் பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, தெருக்கோடி வீடு எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கும், அப்புறம் ‘கொர்ர்ர்’ என்று அது திரும்ப வரும்போது மூன்றாம் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தெருக்காரர்களுக்குப் பழகிப்போயிற்று. பக்கத்துப் பாயில் படுத்திருந்த களஞ்சியத்துக்குத்தான் பழகவில்லை.

சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தான், மூக்கில் உருக்கிய நெய் விட்டான், அம்மனுக்கு வெள்ளியில் ஒரு மூக்கு செய்து போடுவதாக நேர்ந்துகொண்டான், தன் காதில் பஞ்சை அடைத்து அதற்கு மேல் துண்டைக் கட்டிப் பார்த்தான். கடைசியில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏலக் கொட்டகைக்குப் போனான், அங்கே ஈ மொய்த்தது. ஐஸ் கம்பெனி நிழலுக்குப் போனான், அங்கே எந்திரச் சத்தம். கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் நுழைந்தான், அங்கே நாய் குட்டி போட்டிருந்தது. கண் சிவந்து, கன்னம் ஒட்டி, சாப்பாட்டுக்கு நடுவே சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே தலை தொங்கிப்போகிற ஆளாகிவிட்டான். ஆனால் ஒரு நாளும் அவளைத் திட்டியதில்லை. நம்புவள்ளிக்கு அதுதான் ஆறவில்லை. திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை திட்டலாம், மனசு லேசாகும். பாயை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியே போகிறவனை என்ன செய்வது?

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து, பெற்ற பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும்கூட, தன் புருஷன் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. படுத்த உடனே தூங்கிவிடுகிற பிறவி அவள். விழித்தால் பக்கத்தில் பாய் இருக்காது. வாயைத் திறந்து தூங்குவானா மூடிக்கொண்டு தூங்குவானா, ஒருக்களித்தா மல்லாந்தா, எதுவும் தெரியாது. ஒரே ஒரு மதியம் அவன் தன் பக்கத்தில் நிம்மதியாகக் கண்ணயர வேண்டும், அதைத் தான் முழித்திருந்து பார்க்க வேண்டும், அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

ஒரு நாள் அவளே பாயைச் சுருட்டினாள்.

“இன்னைக்கு நீங்க வீட்டுல படுங்க. நான் கடக்கரைக்குப் போறேன்.”

“வெயிலு கொளுத்துது புள்ள.”

“பூவரசு நெழலு கெடக்கு. நீங்க கதவச் சாத்திக்கிட்டு ஒறங்குங்க.”

கரையை ஒட்டி நின்ற பூவரச மரத்தடியில் போய்ப் படுத்தாள், படுத்ததும் தூங்கினாள், தூங்கியதும் குறட்டை விட்டாள். கடல் அப்போது குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. மற்ற பெண்கள் எல்லாம் கரையேறிவிட்டிருக்க, பை நிரம்பாததால் பஞ்சவர்ணம் மட்டும் பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டின் ஓரத்தில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தாள். பாசி எடுக்கிற பெண்களில் மூத்தவள் அவள்தான். புருஷனின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, விரலுக்குத் துணி சுற்றி, முகக்கண்ணாடி போட்டு, அவள் கடலில் இறங்கினால் மீன்களே ஒதுங்கி வழிவிடும் என்பார்கள். அன்று முங்கியவள் எழுந்திருக்க மறந்துபோனாள். பாறை இடுக்கில் கை விட்டுப் பாசியைப் பறித்தாள், அடுத்த இடுக்குக்குப் போனாள், அதற்கடுத்ததற்குப் போனாள், பை நிரம்பிய பிறகுதான் நினைப்பு வந்தது, தான் நெடுநேரமாக மேலே போகவே இல்லை என்று.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே கரையேறி வந்து, நம்புவள்ளி விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏத்தா வள்ளி, ஒன் கொறட்ட தண்ணிக்குள்ள கேக்குது.”

“அங்கயும் வந்துருச்சாக்கா?” என்று நம்புவள்ளி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அட கேளுடி. அது கேக்குற வரைக்கும் எனக்கு மூச்சு முட்டவே இல்ல.”

மறுநாள் இன்னும் சில பெண்கள் இறங்கிப் பார்த்தார்கள். முட்டவில்லை. குறட்டை கேட்கிற தூரம்வரை கடலுக்கடியில் வீட்டுக் கூடத்தில் நடமாடுகிற மாதிரி நடமாட முடிந்தது. அந்தத் தூரத்தைத் தாண்டிக் கால் வைத்தால் நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. கேட்கிற இடத்துக்குத் திரும்பினால் இறுக்கம் விட்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஏன், எப்படி என்று சங்குமுனையில் ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் பாசிக்கு முங்கித் தண்ணீருக்குள் நம்புவள்ளி அடக்கி வைத்த மூச்செல்லாம் எங்கேதான் போகும், இப்போது வெளியே வருகிறது என்று பஞ்சவர்ணம் சொன்னாள், ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர் அடித்துக்கொண்டது வேறு ஒன்றுக்காக. அவள் எங்கே படுப்பது என்பதற்காக.

வடக்குத் தெருப் பெண்கள் தங்கள் பக்கத்துப் பாருக்கு நேராகப் படுக்கச் சொன்னார்கள், தெற்குத் தெருப் பெண்கள் அதெப்படி, குடியிருப்பது எங்கள் தெருவில் என்றார்கள், ஊர்க்கூட்டம் போட்டு, வாக்குவாதம் முற்றி, ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டி, இன்னொருவர் நாற்காலியை உதைத்து, கடைசியில் பூவரச மரம் இரண்டு தெருவுக்கும் நடுவில்தானே நிற்கிறது என்று தலைவர் சேதுராசு கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மதியத்தில் ஊருக்குள் வருகிற மோட்டார் சைக்கிள்கள் முனையிலேயே எந்திரத்தை நிறுத்தித் தள்ளிக்கொண்டு வந்தன. ஐஸ்காரர் மணியை மடியில் கட்டிக்கொண்டு ஜாடையில் வியாபாரம் பண்ணினார். நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிற சேவல்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் ஒவ்வொன்றாக அடங்கின. ஓட்டுக் கேட்டு ஒலிபெருக்கியோடு வந்த வண்டியை ஊரே மறித்து, வாயில் விரலை வைத்துக் காட்டி, மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பியது.

பெண்கள் பாசிக்காக மட்டும் கீழே போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முழங்கால் வலியால் கடலை விட்டிருந்த கிழவிகள் எல்லாம் திரும்ப இறங்கினார்கள், தண்ணீருக்குள் உடம்பு கனக்கவில்லை என்று குமரிகள் மாதிரி தாவித் தாவி நடந்தார்கள். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாரும் அண்ணியும், அங்கே யாராலும் பேச முடியாது என்பதால் கௌரவம் குறையாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புதுப்பெண் ஒருத்தி மாமியார் தொல்லையில்லாமல் தலைமுடியை விரித்து விட்டுக்கொண்டு மதியம் முழுக்க மீன்களுக்கு நடுவே சும்மா இருந்தாள்; அந்த மாமியார் கொஞ்சம் தள்ளி இன்னொரு பாறையில் மருமகள் தொல்லையில்லாமல் சும்மா இருந்தாள். ஆண்கள் சிலரும் போய்ப் பார்த்தார்கள், பீடி பற்ற வைக்க முடியவில்லை என்று திரும்பிவிட்டார்கள். கீழே மடு என்கிற ஆழப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கடல்பசு ஒன்று கன்றோடு வந்து புல் மேய்வதைப் பார்த்தவர்கள் வந்து வந்து சொன்னார்கள். நம்புவள்ளி விழிக்கப்போகிறாள் என்றால் குறட்டை முதலில் மெல்லச் சுருதி இறங்கும், மூச்சு இழைந்து இழைந்து வரும், உடனே எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள். ஒருவருக்கும் ஒரு ஆபத்தும் வந்ததில்லை.

எல்லோரும் அவளைத் தாங்கினார்கள். போகிற இடமெல்லாம் “சாப்பிட்டியா, தூக்கம் வருதா?” என்றார்கள். அவளுக்கும் பெருமைதான், இல்லாமல் என்ன? ஆனாலும் சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது களஞ்சியத்தின் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

“ஊருக்கெல்லாம் மூச்சு குடுக்குறேங்க்கா. எம்புருசனுக்கு ஒரு கண்ணு ஒறக்கம் குடுக்க முடியல” என்றாள் பஞ்சவர்ணத்திடம். பூவரச மரத்தடியிலிருந்தும் சத்தம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மணல் திட்டுதானே.

களஞ்சியம் அதன் பிறகுதான் ஒரு நாள், படுக்க இடமில்லாத கடுப்பில், பெண்களோடு கடலில் இறங்கினான். கீழே போகப் போக அந்தச் சத்தம் கரைந்துகொண்டே வந்தது. காதைக் குடைந்த சத்தம் காதை விட்டுவிட்டு விலா எலும்புக்குள் போய்த் தட்டிக் கொடுப்பதுபோல் இருந்தது. பாருக்கு அந்தப் பக்கம் மெத்தை மாதிரி மணல். சும்மா உட்கார்ந்தான், சாய்ந்தான், அப்படியே தூங்கிப்போனான். கரையேறுகிற நேரத்தில் பஞ்சவர்ணம்தான் அவன் தோளை உலுக்கி எழுப்பிக் கூட்டி வந்தாள். மேலே வந்தவன் முகத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. அப்படி ஒரு வீங்கின, பிறந்த பிள்ளை முகம்.

அன்றிலிருந்து தினமும் போனான். கன்னம் நிரம்பியது, கண் வெளுத்தது, வலை பின்னும்போது பாட்டு வந்தது.

“வள்ளி, இனிமே நான் ஒம் பக்கத்துலதான் தூங்குவேன்” என்றான்.

“அது பக்கமா? நடுவுல ஒரு கடலே கெடக்கு.”

“ஒன் சத்தம் வருதுல்ல? சத்தம் வர்ற தூரம் பக்கந்தான்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஊரே அவன் தூங்குவதைப் பார்த்துவிட்டது. தான் மட்டும்தான் பார்க்கவில்லை. பஞ்சவர்ணத்தைத் தனியே கூப்பிட்டு, “எப்படிக்கா தூங்குறாரு?” என்று கேட்டாள். “மல்லாந்துதான். ஒரு கைய நெஞ்சு மேல வச்சுக்கிட்டு” என்றாள் பஞ்சவர்ணம். அதைக் கேட்டுக்கொண்டு போய் அன்று மரத்தடியில் படுத்தபோது அவளும் ஒரு கையை நெஞ்சு மேல் வைத்துக்கொண்டாள். களஞ்சியம் மட்டும் இன்னும் கொஞ்சம் அமைதி, இன்னும் கொஞ்சம் அமைதி என்று நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போய், குறட்டை கேட்டும் கேட்காமலும் இருக்கிற கடைசி எல்லையில், மடுவுக்குள் இறங்கிப் படுக்க ஆரம்பித்திருந்தான். ஊர்க்காரர்கள் தினமும் அங்கே போய் எழுப்பிக் கூட்டி வந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஊர் அவளுக்கு ஒரு மரியாதை செய்ய நினைத்தது. நமக்காகத் தூங்குகிறவள், மடித்த சேலையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கிடக்கிறாளே என்று பெண்கள் எல்லாம் சேர்ந்து நல்ல இலவம்பஞ்சில் ஒரு தலையணை தைத்தார்கள். தடிமனான தலையணை. உறையில் சிவப்பு நூலில் சங்குப்பூ. தலைவர் சேதுராசு நாலு வார்த்தை பேசி, கற்கண்டு கொடுத்து, தலையணையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். நம்புவள்ளி வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு, மரத்தடியில் படுத்து, மல்லாந்து, தூங்கி, முன்னெப்போதும் இல்லாத கம்பீரத்தோடு குறட்டையை ஆரம்பித்தாள். ஊர் சந்தோஷமாகக் கடலில் இறங்கியது. களஞ்சியம் எல்லோருக்கும் முன்னால் மடுவுக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒருக்களித்தாள். தலையணையைக் கட்டிக்கொண்டாள். தலை அதில் பதிவாக அமுங்கி, கழுத்து நேராகி, தொண்டை திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தமே இல்லாமல் தூங்கினாள்.

சுருதி இறங்கவில்லை, இழையவில்லை. கத்தரித்ததுபோல் நின்றுவிட்டது. கடல் முழுக்கத் தலைகள் பொத்துக்கொண்டு கிளம்பின. இருமலும் தும்மலுமாகக் கரையில் வந்து விழுந்தவர்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கிழவிகள் வந்துவிட்டார்கள், புதுப்பெண் வந்துவிட்டாள், மாமியாரும் வந்துவிட்டாள்.

“களஞ்சியம்?” என்றாள் பஞ்சவர்ணம்.

அவள் திரும்பக் கடலுக்குள் பாய்ந்து, தன் சொந்த மூச்சில் போகிற மட்டும் போய்ப் பார்த்து, மடுவின் விளிம்பைக்கூடத் தொட முடியாமல் மேலே வந்து மார்பில் அடித்துக்கொண்டாள். மற்றவர்கள் மரத்தடிக்கு ஓடினார்கள். ஒருத்தி தலையணையை உருவினாள், ஒருத்தி நம்புவள்ளியை மல்லாக்கப் புரட்டினாள், குறட்டை வருவதற்குப் பதில் அவள் கண் திறந்தாள்.

“படு வள்ளி! தூங்கு! சீக்கிரம் தூங்குடி!”

“ஏத்தா, கண்ண மூடு, கும்புட்டுக் கேக்குறோம்!”

சுற்றி நின்று கத்துகிற ஈர முகங்களை அவள் பார்த்தாள். எல்லா முகமும் இருந்தது, ஒரு முகம் இல்லை.

“அவரு எங்க?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முகக்கண்ணாடி இல்லை, விரலுக்குத் துணி இல்லை, கட்டிய சேலையோடு ஓடிக் கடலில் விழுந்தாள். சங்குமுனையில் அவளைவிட நன்றாக மூச்சடக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்பதை இத்தனை நாள் தூங்க வைத்துத் தாங்கியதில் ஊரே மறந்துபோயிருந்தது. பாரைத் தாண்டினாள். மணல் மெத்தையைத் தாண்டினாள். வெயில் பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலம் கறுத்தது. காது வலித்தது, நெஞ்சு தீப்பிடித்தது, இந்த இடத்தில் திரும்பினால் மேலே போய்ச் சேரலாம் என்று எந்த இடத்தில் உடம்பு சொல்லுமோ அந்த இடத்தில் உடம்பு சொன்னது. அவள் கேட்கவில்லை. அவனில்லாத கரைக்குத் திரும்பிப் போய் யாருக்காகத் தூங்குவது? காலை உதைத்து மடுவுக்குள் இறங்கினாள். உள்ளே இருந்த கடைசி மூச்சும் வாயிலிருந்து குமிழியாகப் போயிற்று.

அப்போது கேட்டது. கரகரவென்று ஆரம்பித்தது. ஏறியது. ஏறி ஏறி, இனி ஏற இடமில்லாத இடத்தில் நின்றது. அவள் நெஞ்சும் அதோடு நின்றது. அப்புறம் ‘கொர்ர்ர்’ என்று வந்தது பாருங்கள், மடுவே அதிர்ந்தது. நெஞ்சுக்குள் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது. மூச்சு முட்டவில்லை.

களஞ்சியம் மல்லாந்து கிடந்தான். கைலி ஒரு பக்கம் மிதந்தது, ஒரு கை நெஞ்சு மேல் இருந்தது, வாய் ஆவென்று திறந்திருந்தது, திறந்த வாயிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. சின்ன மீன்கள் ஒவ்வொரு ‘கொர்’ருக்கும் சிதறி ஓடி, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் திரும்பி வந்தன. நம்புவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டாள். அட சாமி, இதையா இந்த மனுஷன் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டான்? இதற்குப் பக்கத்தில் படுத்து எந்த மனுஷனால் தூங்க முடியும்? திட்டாமலா இருந்தான்? நினைக்க நினைக்க அழுகை வந்தது, அழ அழச் சிரிப்பு வந்தது, கடலுக்கடியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எழுப்பத்தான் கையை நீட்டினாள். நீட்டிய கை அவன் தோள் வரைக்கும் போய் நின்றது. அப்புறம் அந்தக் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். கடல்பசுவும் கன்றும் அன்று வந்தனவா என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள், அவளுக்குத் தெரியவில்லை. அவன் மூக்கு விடைப்பதையும், புருவம் ஒரு கனவுக்கு லேசாக ஏறி இறங்குவதையும், மீசையில் ஒரு குமிழி சிக்கிக்கொண்டு போக மனசில்லாமல் நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஆசை தீருகிற நேரம் என்றுதான் சொல்ல வேண்டும், தீரவும் இல்லை.

கரையில் அதற்குள் ஊர் இரண்டு பேரையும் இழந்துவிட்டிருந்தது. பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் சேதுராசு அந்தத் தலையணையை மணலில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். மாலைக்கு ஆள் போயிற்று, வெடிக்கு ஆள் போயிற்று, பெற்ற பெண்களுக்குப் போன் பண்ணுவது யார் என்பதில் தகராறு நடந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று கடலை வைதுகொண்டிருந்தாள்.

அவளுக்கு எதிரே தண்ணீர் பிளந்து, நம்புவள்ளி தலை தெரிந்தது, தோள் தெரிந்தது, சேலையெல்லாம் பாசியாக இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது. ஊரே கரையோரம் திரண்டது. அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள், யாரும் வரவில்லை. பஞ்சவர்ணம் “ஐயோ” என்று வாயெடுத்தாள்.

நம்புவள்ளி முந்தானையைப் பிழிந்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, விரலை உதட்டில் வைத்தாள்.

“கத்தாதீங்கக்கா. அவரு தூங்குறாரு.”